வெள்ளாமை இல்லாத வருஷம்



இந்த மாதம் நம் பத்திரிகைக்கு வந்த கடிதங்களில் ஒன்றைப் படித்ததும் சிரித்துவிட்டேன். அடுத்த பத்தியைப் படித்தபோது சிரித்ததற்காக வெட்கமாக இருந்தது. பெரம்பலூர் மாவட்டம் பூலாம்பாடியிலிருந்து ஒரு இளைஞர் எழுதியிருந்தார். சென்னையில் மென்பொருள் வேலை, ஆறு வருஷம். ஐந்து மாதத்துக்கு முன்னால் அது போய்விட்டது. ஊருக்கு வந்துவிட்டார். அவர் கேட்டிருந்தது இதுதான்: "என்னிடம் ஒரு டிராவல் கிரெடிட் கார்டு இருக்கிறது. அதில் பெயர் போட்டிருக்கும் விமானக் கம்பெனியே இப்போது இல்லை. ஆண்டுக் கட்டணம் வரப்போகிறது. வேறு டிராவல் கார்டுக்கு மாறலாமா? விண்ணப்பத்தில் வருமானம் என்று கேட்கிற இடத்தில் நான் என்ன எழுதுவது?"

வேலையே இல்லாதவருக்கு எதற்கய்யா விமானக் கார்டு என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. அடுத்த பத்தியில் எழுதியிருந்தார்: "ஊரில் எல்லோரிடமும் வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லியிருக்கிறேன். தினமும் காலை ஒன்பதரைக்கு லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்துகொள்கிறேன்."

அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அது பற்றிய கட்டுரைக்காக அந்தப் பக்கம் போகவேண்டிய வேலை ஏற்கெனவே இருந்தது. தேர் வேலை நடக்கும் பட்டறைகளைப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருக்கும் பூலாம்பாடிக்கும் போய்விட்டு வந்தேன். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

பச்சைமலை கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் நிற்கிறது. இரண்டு பக்கமும் மக்காச்சோளம். தமிழ்நாட்டில் மக்காச்சோளம், சின்ன வெங்காயம், பருத்தி என்று எதைப் பேசினாலும் பெரம்பலூரை விட்டுவிட்டுப் பேச முடியாது. திருச்சி விமான நிலையம் வழியாக மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா என்று போய்ச் சம்பாதிக்கிறவர்களும் இந்த மாவட்டத்தில் நிறைய. அதனால் விமானம் இங்கே அதிசயம் இல்லை. விமான நிலையத்தின் உள்ளே லவுஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் அதிசயம்.

அந்தக் கதையை அவருடைய அம்மா சொன்னார். மகனுக்கு நல்ல சம்பளம் வந்துகொண்டிருந்த காலத்தில், கார்டில் சேர்த்துவைத்த புள்ளிகளை வைத்து அப்பா அம்மா இரண்டு பேரையும் சென்னையிலிருந்து டெல்லிக்கு அழைத்துப் போயிருக்கிறார். சென்னை விமான நிலையத்தில் லவுஞ்ச். மகனுடைய கார்டைத் தேய்த்தால் இரண்டு ரூபாய்தான் எடுக்கும், உள்ளே போய் வயிறார சாப்பிடலாம். தன் கணக்கிலேயே அம்மா பெயரில் ஒரு ஆட்-ஆன் கார்டு வாங்கிவைத்திருந்ததால் அவருக்கும் இரண்டு ரூபாய். அப்பாவுக்குக் கார்டு இல்லை, முழுக் காசு கட்ட வேண்டும் என்றார்களாம். அப்பா மடியிலிருந்து பையை எடுத்து, விவசாயிகளுக்குக் கொடுக்கிற கிசான் கிரெடிட் கார்டை நீட்டினாராம். "இதுவும் கிரெடிட் கார்டுதானே, இதக் காட்டுனா உடமாட்டியளா?"

விடவில்லை. "நான் வெளிய உக்காந்துக்கறன், நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லி, அம்மா கட்டிக்கொண்டு வந்திருந்த புளிச்சோற்றை நாற்காலியில் வைத்துச் சாப்பிட்டு முடித்திருக்கிறார். இதைச் சொல்லும்போது அம்மா சிரித்தார். மகன் சிரிக்கவில்லை. அந்தக் கார்டை விட்டுவிடுவதில் அவருக்கு என்ன கஷ்டம் என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அப்பா அம்மாவை விமானத்தில் ஏற்றியது அந்தக் கார்டுதான்.

ஆனால் அந்தக் கார்டின் கதை ஏற்கெனவே முடிந்துவிட்டது. அது விஸ்தாரா பெயரைத் தாங்கிய கார்டு. 2024 நவம்பர் 12ஆம் தேதி விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தது. அதில் சேர்ந்திருந்த புள்ளிகள் ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப் கணக்குக்குப் போய்விட்டன. அந்தப் பெயரில் கார்டு கொடுத்துவந்த வங்கிகள் ஒவ்வொன்றாகச் சலுகைகளை நிறுத்தின. நம் நாட்டில் இது புதிதும் இல்லை. 2012இல் கிங்ஃபிஷர் தரையிறங்கியது. 2019 ஏப்ரல் 17இல் ஜெட் ஏர்வேஸ் நின்றது. ஜெட்டில் வேலை பார்த்தவர்களுக்கு வேலையும் போனது, சம்பளப் பாக்கியும் நின்றது. விமானக் கம்பெனி பெயர் போட்ட கார்டு வைத்திருக்கிறவர்கள் புள்ளிகளைப் பூட்டிவைக்காமல் அவ்வப்போது செலவழித்துவிடுவது நல்லது. புள்ளிக்கு வட்டி கிடையாது, காலாவதி உண்டு.

வேலை போனவர் நம் வாசகர்களில் இவர் ஒருவர் மட்டும் இல்லை. 2025 ஜூலையில் டிசிஎஸ் நிறுவனமே தன் ஊழியர்களில் சுமார் இரண்டு விழுக்காடு, பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல், குறைக்கப்போவதாக அறிவித்தது. அதற்குப் பிறகு இப்படிப்பட்ட கடிதங்கள் கூடியிருக்கின்றன. அதனால் இவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். நான் வங்கிக்காரன் இல்லை. ஒருமுறை சூடுபட்டவன், அவ்வளவுதான். அந்தக் கதை பிறகு.

புதுக் கார்டுக்கு விண்ணப்பித்தால் வங்கி சம்பளச் சீட்டைக் கேட்கும், இல்லாவிட்டால் வருமான வரிக் கணக்கைக் கேட்கும். இவருடைய நண்பர் ஒருவர், "பழைய சம்பளச் சீட்டையே வெச்சு அனுப்புடா, யார் பார்க்கப் போறாங்க" என்று சொல்லியிருக்கிறார். பார்ப்பார்கள். வேலை பார்த்த அலுவலகத்துக்கே போன் போட்டுக் கேட்பதும் உண்டு. அன்று பார்க்காவிட்டாலும், நாளைக்கு ஒரு தவணை தவறினால் பழைய காகிதத்தை எடுத்துப் பார்ப்பார்கள். அப்போது அது கட்ட முடியாத கடன் என்ற கணக்கில் வராது, பொய் சொல்லி வாங்கிய கடன் என்றாகிவிடும். வீட்டில் இன்னொருவர் வருமானத்தைக் காட்டலாமா என்றால், அமெரிக்காவில் 2013லிருந்து, இருபத்தோரு வயது நிரம்பியவர்கள் கணவன் அல்லது மனைவியின் வருமானத்தையும், அது தங்கள் கைக்கு வரும் என்றால், விண்ணப்பத்தில் காட்டலாம் என்று விதி இருக்கிறது. நம் வங்கிகள் விண்ணப்பிக்கிறவரின் சொந்த வருமானத்தைத்தான் கேட்கின்றன. வீட்டில் சம்பாதிக்கிறவர் பெயரில் கார்டு இருந்தால் அதில் ஆட்-ஆன் வாங்கிக்கொள்ளலாம். பொறுப்பு அவர் தலையில்தான் விழும் என்பதை மறக்கக்கூடாது.

இன்னொன்று. ஒவ்வொரு விண்ணப்பமும் நம் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையில் ஒரு வரியாகப் பதிவாகும். ஒரே மாதத்தில் நான்கு வங்கியில் கேட்டு நான்கும் மறுத்தால், ஐந்தாவது வங்கிக்காரர் கண்ணில் படுவது அந்த நான்கு வரிதான். அந்த அறிக்கையில் 300க்கும் 900க்கும் நடுவே ஓடும் மதிப்பெண்ணில் சம்பளம் கணக்கில் வருவதே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. வேலை போனதால் மதிப்பெண் குறையாது. வேலை போன பிறகு நாம் செய்கிற காரியங்களால்தான் குறையும். வருஷத்துக்கு ஒருமுறை அந்த அறிக்கையை இலவசமாகப் பார்க்கலாம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்களும் கொடுத்தாக வேண்டும்.

அப்படியானால் என்ன செய்வது? இருக்கிற வங்கியிலேயே கீழே இறங்குவது. "கார்டு வேண்டாம்" என்று சொல்லாமல், "ஆண்டுக் கட்டணம் இல்லாத சாதாரணக் கார்டாக மாற்றிக்கொடுங்கள்" என்று கேட்பது. பெரும்பாலும் புதுச் சம்பளச் சீட்டு கேட்க மாட்டார்கள். பழைய கணக்கின் வயது அப்படியே இருந்தால் அதுவும் நமக்கு லாபம்தான். கேட்பதற்கு முன்னால் புள்ளிகளை எடுத்துவிட வேண்டும். கார்டு மாறிய பிறகு பழைய புள்ளிக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். பாக்கி இருந்தால் வரம்பைக் குறைத்துவிடுகிறார்களா என்றும் விசாரிக்க வேண்டும். மூன்று லட்சம் வரம்பில் 40,000 பாக்கி என்றால் பெரிதாகத் தெரியாது. அதே பாக்கி 50,000 வரம்பில் நின்றால் கழுத்துவரை கடன் என்று காட்டும்.

நம் இளைஞருக்கு அந்த மூன்று லட்சம் வரம்பும் 40,000 பாக்கியும் நிஜமாகவே இருந்தன. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவந்தார், அதனால் பிரச்சினை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். திண்ணையில் உட்கார்ந்து மக்காச்சோள விதைப் பையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். மாதம் 3.5 விழுக்காடு வட்டி, 1,400 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி, 252 ரூபாய். மொத்தம் 1,652. அவர் கட்டிக்கொண்டிருந்தது 2,000. அசலில் குறைந்தது 348 ரூபாய். அதற்குள் பெட்ரோலுக்கு ஒரு தடவை தேய்த்தால் அந்த 348ம் போச்சு. பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது, வாங்கிய அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். கிரெடிட் கார்டு வட்டி 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்ன தீர்ப்பையும் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து எட்டிப் பார்த்தார். "இது வருஷத்துக்கா சார்?" என்றார். மாதத்துக்கு என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருடைய கிசான் கார்டில் மூன்று லட்சம் வரைக்கும் ஆண்டு வட்டி 7 விழுக்காடு, சொன்ன தேதிக்குக் கட்டினால் 4. கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடன் என்றால் கெடுவுக்குள் கட்டுகிறவருக்கு வட்டியே கிடையாது. அப்பாவுக்கு ஒரு வருஷத்துக்கு ஆகிற வட்டி, மகனுக்கு ஒரு மாதத்தில் ஆகிறது. ஒரே வீடு, ஒரே பீரோ, இரண்டு கடன் அட்டை.

"நெலத்தப் பாக்காம, பட்டா சிட்டா கேக்காம மூணு லச்சம் எப்புடிக் குடுத்தான்?" என்று கேட்டார் பெரியவர். சம்பளத்தைப் பார்த்துக் கொடுத்தான் என்று மகன் முணுமுணுத்தார். "அப்ப சம்பளம் நின்னா?"

கிசான் கார்டு 1998இல் வந்தது. சம்பளச் சீட்டு இல்லாத மனிதனுக்குக் கடன் கொடுப்பது எப்படி என்று யோசித்துச் செய்தது. அதன் கெடு மாதத்தின் ஐந்தாம் தேதியில் வராது. எந்தப் பயிர், எப்போது அறுப்பு, எப்போது விற்று முடிப்பார் என்று பார்த்து வரும். வருமானம் இல்லாத மாதங்கள் அதில் சாதாரணம். மகனுடைய கார்டில் ஒரு மாதம் சம்பளம் இல்லையென்றாலே ஆள் தவறியவர். அந்த வேறுபாட்டைப் பற்றி வங்கியியல் படித்தவர்கள் நிறைய எழுதலாம். எனக்கு அந்தப் பெரியவர் சொன்னது போதும்.

2018இல் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்த கதையை அவர் சொன்னார். பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் அதை மறந்தவர்கள் இருக்க மாட்டார்கள். ராத்திரிக்கு ராத்திரி குருத்துக்குள் இறங்கித் தின்றது. என்ன மருந்து, எவ்வளவு என்று கடைக்காரருக்கும் தெரியாது. வேப்பெண்ணெய் ஊற்றினவர்கள், குருத்தில் மண்ணை அள்ளிப் போட்டவர்கள், ஆளுக்கு ஒரு வைத்தியம். இவருக்கு அந்த வருஷம் மூட்டைக்கணக்கில் ஒன்றும் தேறவில்லை. "அப்ப என்ன செஞ்சீங்க ஐயா?" என்றேன்.

"புதுசா ஒருத்தன்கிட்டயும் போயி நிக்கல சார். வெள்ளாம இல்லாத வருஷம் புது எடத்துல கேட்டா, நம்ம மொகத்தப் பாத்தே வட்டியக் கூட்டிருவான். பழைய எடத்துலயே போயி, இந்த வருஷம் இவ்வளவுதான் முடியும்னு சொன்னன். நகைக்கு வட்டியக் கட்டித் திருப்பி வெச்சன். சங்கத்துல கெடு கேட்டன். டிராக்டர்காரனுக்குப் பாதி குடுத்தன். ஒளிஞ்சுக்கல. ஒளிஞ்சாத்தான் தேடி வருவான்."

வங்கியிலேயே கீழே இறங்குங்கள் என்று நான் அரை மணி நேரமாக விளக்கிக்கொண்டிருந்ததை அவர் அதற்குள் சொல்லி முடித்துவிட்டார். மகன் கணக்குப் போட்ட விதைப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது என் சூடு. இருபது வருஷம் ஆகப்போகிறது. ஒரு நாளிதழ் வேலையை விட்டுவிட்டு இந்தப் பத்திரிகையை ஆரம்பிக்க அலைந்த எட்டு மாதம் எனக்கும் சம்பளம் இல்லை. ஒரு கார்டை மூடச் சொல்லிப் போனில் சொன்னேன். சரி என்றார்கள். எழுத்தில் வாங்கவில்லை, அதுதான் தப்பு. ஆண்டுக் கட்டணம் என்று முந்நூற்றுச் சொச்சம் அதில் விழுந்து, அபராதம் குட்டி போட்டு, வீட்டுக் கடனுக்குப் போய் நின்ற நாளில்தான் எனக்கே தெரிந்தது. இன்றைக்கு அப்படி நடந்தால் கையில் விதி இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதிப்படி, பாக்கி முழுவதையும் கட்டிவிட்டு மூடச் சொன்னால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும். மூடாவிட்டால் தாமதமாகிற ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும். நாம் கேட்காமல் வரம்பைக் கூட்டக்கூடாது, நாம் கேட்காத கார்டை அனுப்பவும் கூடாது. கெடு தேதியைத் தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தவறியவர் என்று பதிய முடியும். சிபில் அறிக்கையில் தப்பு இருந்தால் புகார் கொடுத்து முப்பது நாளில் திருத்தப்பட வேண்டும், அதற்கு மேல் நாளுக்கு 100 ரூபாய். எல்லாவற்றுக்கும் மின்னஞ்சல் அனுப்பி, வந்த பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

"சார், வெளிநாட்டில் வேலை கிடைத்தால் போக வேண்டாமா? அப்போது கார்டு வேண்டுமே" என்றார் இளைஞர். நியாயமான கேள்வி. மலேசியாவில் இருக்கும் உறவினர் ஒருவர் அங்கே பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறாராம். சாதாரணக் கார்டை வெளிநாட்டில் தேய்த்தால் பெரும்பாலும் 3.5 விழுக்காடு கூடுதல் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் போகும். லட்சம் ரூபாய்க்கு 4,130. அதைத் தவிர்க்கத்தான் டிராவல் கார்டு என்றால் வேறு வழி இரண்டு உண்டு. ஃபாரெக்ஸ் கார்டு வாங்க மாதச் சம்பளம் வேண்டியதில்லை, நம் பணத்தை நாமே அதில் போட்டுவைக்கிறோம். இன்னொன்று, வைப்புத் தொகையை ஈடாக வைத்து வாங்கும் கிரெடிட் கார்டு. போட்ட தொகையில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ வரம்பு கிடைக்கும், வங்கிக்கு வங்கி மாறும். வைப்புக்கு வட்டியும் ஓடிக்கொண்டிருக்கும். கட்டாமல் விட்டால் வைப்பை உடைத்து எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பெரியவருக்கு இது உடனே விளங்கிவிட்டது. "நகைக்கடன் மாதிரி" என்றார். ஆமாம் என்றேன். மலேசியாவுக்குச் சுற்றுலாவுக்கு விசா வேண்டாம் என்கிற சலுகையைக் காட்டி, அப்படியே போய் வேலையில் சேர்ந்துகொள்ளலாம் என்று ஏஜெண்டு யாராவது சொன்னால் மட்டும் அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம் என்று சொல்லிவைத்தேன்.

கிளம்பும்போது பெரியவர் பேருந்து நிறுத்தம் வரைக்கும் கூட வந்தார். நடந்துகொண்டே, "வேல போயி அஞ்சு மாசம் ஆச்சு சார் அவனுக்கு" என்றார். தூக்கிவாரிப்போட்டது. அப்பாவுக்குத் தெரியாது, வீட்டிலிருந்து வேலை என்றுதான் அவரும் நம்புகிறார், இப்போது வட்டிக் கணக்கு மட்டும்தான் தெரியும் என்று மகன் என்னிடம் சொல்லியிருந்தார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "லேப்டாப்பத் தெறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். ஒரு போன் வரல. வேலன்னா எவனாவது ஏசுறதுக்காவது போன் பண்ண மாட்டானா?"

போன வாரம் இளைஞரிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பாவிடம் அவரே சொல்லிவிட்டார். அப்பா, "தெரியும், சாப்புடு" என்றாராம். வங்கிக்குப் போன் செய்தபோது, குறிப்பிட்ட தொகைக்குச் செலவு செய்தால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறோம், கார்டை வைத்துக்கொள்ளுங்கள் என்று மூன்று பேர் மாறி மாறிப் பேசியிருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லி, கட்டணமில்லாத கார்டுக்கு மாறிவிட்டார். அம்மாவின் ஆட்-ஆன் கார்டை இரண்டாக வெட்டிவிட்டார்கள். வங்கிப் புள்ளிகளில் ஒரு குக்கர் வந்திருக்கிறது. மகாராஜா கிளப்பில் இருப்பதைத் தொடவில்லை, எங்காவது நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டால் ஒரு டிக்கெட் தேறும் என்கிறார். பாக்கி 40,000த்துக்கு அம்மாவின் ஒரு வளையல் சங்கத்துக்குப் போயிருக்கிறது. அது அவருக்கு வருத்தம்தான். ஆனால் நகைக்கடன் வட்டியையும் கார்டு வட்டியையும் அவரே எழுதிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. மக்காச்சோளம் கதிர் பிடித்துவிட்டது, ராத்திரியில் காட்டுப்பன்றி இறங்குகிறது, அப்பாவுக்குப் பதில் இப்போது அவர்தான் மோட்டார் கொட்டாயில் காவல் படுக்கிறாராம். கார்டு ஸ்டேட்மெண்ட் அங்கே படுத்திருக்கும்போதுதான் போனில் வந்ததாம். கட்டவேண்டிய தொகை: 0.00. டார்ச் அடித்து வரப்பை ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்து மறுபடியும் ஒருமுறை திறந்து பார்த்தேன் என்று எழுதியிருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்